கைகுலுக்கலும் கைகூப்பலும்



சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியரை அழைத்துக்கொண்டு காந்திகிராமத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் அவ்விடத்தைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் கூற வேண்டியதில்லை. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் தொடங்கிய பணி, 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனமாக விரிந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அங்கே வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு முதிய பெண்மணியைச் சந்தித்தோம். நம் மாணவியர் வரிசையாக நிற்க, அவர் புன்முறுவலுடன் அருகில் வந்து வலக்கையை நீட்டினார். முதலில் நின்றவள் கைகூப்பினாள். நீட்டிய கை காற்றில் நின்றது. அடுத்தவள் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டுச் சுடுபாத்திரத்தைத் தொட்டவள்போல் இழுத்துக்கொண்டாள். மூன்றாமவள் கையைத் தாவணிக்குள் மறைத்தாள். நான்காமவள் சாரணியர் படையில் இருப்பவள். அங்கே கற்ற பழக்கத்தில் இடக்கையை நீட்டிவிட்டாள்! மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மையாரோ உடனே தம் இடக்கையை நீட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டார். தாமும் இளமையில் சாரணியாக இருந்தவர்தாம் என்று கூறியதும், சிரித்தவர்களின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

திரும்பும்போது பேருந்தில் இதே பேச்சு. “வெள்ளைக்காரங்க வழக்கத்தை நாம ஏன் டீச்சர் செய்யணும்? நமக்குத்தான் வணக்கம் இருக்கே!” என்றாள் ஒருத்தி. “கை கொடுக்காட்டி அவங்க மனசு நோகாதா?” என்றாள் மற்றொருத்தி. இரண்டும் நல்ல கேள்விகள். ஆயினும் அன்று என்னால் ஒரு சொல்லும் கூற இயலவில்லை. அன்று காலையில் பேருந்து நிறுத்தத்தில் நடந்த வேறொன்று என் வாயை அடைத்திருந்தது. அதைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

கைகுலுக்குதல் வெள்ளைக்காரர் வழக்கம் என்பது பாதி உண்மைதான். சந்திக்கும்போதெல்லாம் கை கொடுப்பது என்பது ஐரோப்பியர் வழியே நமக்கு வந்த பழக்கம். ஆனால் கையோடு கை சேர்ப்பது உலகத்தின் பழஞ்சொத்து. இன்றைய ஈராக் நாட்டிலுள்ள நிம்ருத் என்னும் பழைய நகரில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரின் அரியணைப் பீடம் கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் முகப்பில், அவனும் பாபிலோனிய மன்னனும் எதிரெதிரே நின்று வலக்கைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பாபிலோனியன் தன் உடன்பிறந்தானின் கலகத்தால் அல்லலுற்றபோது அசீரியன் படையுடன் வந்து துணைநின்றவன். அந்த உறவையே கல்லில் பொறித்து வைத்தார்கள். கிரேக்க நாட்டுக் கல்லறைக் கற்களிலோ, இறந்தவரும் இருப்பவரும் கைபற்றி நிற்பதைக் காணலாம். அங்கே அது வரவேற்பா, விடைபெறுதலா என்று அறிஞர் இன்றும் வாதிடுகிறார்கள். உரோமாபுரியில் மணமக்களின் வலக்கைகளை இணைப்பது திருமணத்தின் அடையாளம். நம் கோயில்களில் திருமணத்தின்போது குருவானவர் முன்னிலையில் மணமக்கள் வலக்கைகளைச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதன் வேர் அங்கே செல்கிறது.

நம் நாட்டில்? வால்மீகி இராமாயணத்தில் கிட்கிந்தா காண்டத்தைப் பாருங்கள். நாட்டையும் மனைவியையும் இழந்து மலையில் ஒளிந்திருந்த சுக்ரீவன், நட்பு வேண்டுமானால் என் கையைப் பற்றுக என்று இராமனிடம் கை நீட்டுகிறான். இராமன் அதைப் பற்றுகிறான். பிறகுதான் இருவரும் தீயை வலம் வருகிறார்கள். ஆகவே கை கொடுப்பது நமக்கு அந்நியம் என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை.

விவிலியத்திலும் ஓர் அழகிய இடம் உண்டு. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், யாக்கோபு, கேபா, யோவான் ஆகிய மூவரும் தமக்கும் பர்னபாவுக்கும் வலக்கை கொடுத்ததைக் குறிப்பிடுகிறார். ஒரு காலத்தில் திருச்சபையைத் துன்புறுத்தியவர் பவுல். அவரைக் கண்டாலே சீடர்கள் அஞ்சிய நாள் உண்டு. அந்த மனிதருக்குத் திருச்சபையின் தூண்கள் என்று எண்ணப்பட்டவர்கள் கை நீட்டினார்கள் என்றால் அது எளிய செயலன்று.

வாள் பிடிக்கும் வலக்கை வெறுங்கை என்று காட்டவே கைகுலுக்கும் வழக்கம் தோன்றியது என்று பல நூல்களில் எழுதுவார்கள். நீங்களும் பேச்சுப் போட்டியில் கூறியிருக்கலாம். அழகான விளக்கம்தான், திட்டவட்டமான சான்று கிடையாது. எனக்கு அதைவிட மிகவும் பிடித்தது குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவினரின் வரலாறு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரிய மனிதரைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும். இறைவன் முன் அனைவரும் சமம் என்று நம்பிய குவேக்கர் அதற்கு மறுத்து, அதற்காகச் சிறைக்கும் சென்றார்கள். குனிவதற்குப் பதில் அவர்கள் கை கொடுத்தார்கள். எண்ணிப் பாருங்கள்: ஒருவர் மட்டும் குனிந்து கைகுலுக்க முடியாது. இரண்டு கைகளும் ஒரே உயரத்திற்கு வந்தாக வேண்டும். பண்ணையார் நாற்காலியில் சாய்ந்திருக்க, எதிரே நிற்பவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடலாம். கைகுலுக்குவதானால் பண்ணையார் எழுந்திருக்க வேண்டும்.

நிற்க. நம் தமிழைச் சற்று உற்றுக் கேட்போம். உதவி செய்தால் ‘கைகொடுத்தான்’ என்கிறோம். விட்டு விலகினால் ‘கைவிட்டான்’. மணந்தால் ‘கைப்பிடித்தான்’. வாக்குக் கொடுத்தால் ‘கையடித்துக் கொடுத்தான்’. பொறுப்பைத் தட்டிக் கழித்தால் ‘கைகழுவினான்’. இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மக்கள்முன் தண்ணீர் எடுத்துக் கைகழுவிய பிலாத்துதான் நினைவுக்கு வருகிறான். இலங்கைத் தமிழரோ கைகுலுக்குதலைக் ‘கைலாகு கொடுத்தல்’ என்பர். கைத்தாங்கலாகப் பிடித்துத் துணைசெய்தல் என்பது அச்சொல்லின் பழைய பொருள். குலுக்குதலைவிடத் தாங்குதல் நல்ல சொல் அன்றோ!

நம் மாவட்டத்து மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு சென்றவர்கள் இன்னொரு கைகுலுக்கலையும் பார்த்திருப்பீர்கள். தரகரும் மாட்டுக்காரரும் கைபற்றி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வாய் திறவாமல் விலை பேசுவார்கள். பிடித்த விரலின் எண்ணிக்கைதான் விலை. சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும். பேரம் படிந்தால் அச்சாரம் கை மாறும். எழுத்தில்லை, சாட்சியில்லை, கைதான் பத்திரம்.

காந்திகிராமத்தின் கதையே இரு கரங்கள் சேர்ந்த கதைதான். சௌந்தரம் அம்மையார் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்தவர். பின்னர் மருத்துவம் பயின்றவர். இராமச்சந்திரன் அவர்கள் கேரளத்தைச் சேர்ந்தவர், வேறு சாதியினர். கைம்பெண் மறுமணம், அதிலும் கலப்பு மணம் என்றால் அக்காலத்தில் ஊர் என்ன பேசியிருக்கும்! 1940-இல் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் முன்னிலையில் அவர்கள் கைப்பிடித்தார்கள். சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் கல்வி பெற்ற கிருஷ்ணம்மாள், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். வசதியான குடும்பத்தைத் துறந்து வந்த சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன், சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950-இல் அவர் கையைப் பற்றினார். பின்னாளில் நிலமற்ற ஏழைப் பெண்களுக்கு நிலம் பெற்றுத் தந்ததற்காக இவ்விருவரையும் உலகம் அறிந்தது. 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இனி, எப்படிக் கை கொடுப்பது என்று கேட்பீர்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் நேர்முகத் தேர்வுக்குச் செல்லப் போகிறவர்கள் நீங்கள், அறிந்திருத்தல் நலம். அமர்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள். எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்து, உங்கள் பெயரைத் தெளிவாகக் கூறிக் கை நீட்டுங்கள். விரல் நுனியை மட்டும் கொடுக்காமல், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவு ஒன்றோடொன்று பொருந்துமாறு முழு உள்ளங்கையையும் கொடுங்கள். இரண்டு மூன்று முறை இலேசாக அசைத்தால் போதும். கிணற்றில் நீர் இறைப்பதுபோல் வேண்டாம். ஈரக்கையானால் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் தேர்வாளர் கை நீட்டிய பிறகே நீட்டுவது மரியாதை. பார்வையற்றவரிடம் முதலில் பெயரைச் சொல்லி, கை கொடுக்கலாமா என்று வாயால் கேட்ட பிறகு கொடுங்கள். வலக்கை இல்லாதவர் இடக்கையை நீட்டினால் தயங்காமல் அதைப் பற்றுங்கள்.

சாரணியர் இடக்கை கொடுப்பது உலகெங்கும் அவர்கள் இயக்கத்தின் அடையாளம். இதயத்திற்கு அருகிலுள்ள கை என்பார்கள். கேடயம் பிடிக்கும் கையை நீட்டினால் நம்பிக்கைக்கு அடையாளம் என்று ஓர் ஆப்பிரிக்கக் கதையும் கூறுவார்கள். நம் வீடுகளில் ‘பீச்சாங்கை’ என்று அதட்டப்படும் கைக்கு இப்படியொரு கௌரவம்!

ஆண்களுக்குக் கை கொடுக்கலாமா? இதைக் கேட்கத் தயங்கி என் மேசையருகே நின்றுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய முறைப்படியே கூட, பெண் கை நீட்டினால்தான் ஆண் நீட்ட வேண்டும் என்பது பழைய விதி. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் முகமலர்ச்சியோடு கைகூப்புங்கள். அறிந்த மனிதர் எவரும் அதைத் தவறாக எண்ணமாட்டார். விரும்பாத கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசும் ஆளிடமிருந்து கையை உருவிக்கொள்வது மரியாதைக் குறைவாகாது. அப்படி ஏதேனும் நேர்ந்தால் வீட்டில் அம்மாவிடமோ, இங்கே எங்களிடமோ மறைக்காமல் கூறுங்கள். பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அழுத்தியே எழுதுகிறேன்.

இப்போது திருப்பலிக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, திருப்பலியில் மக்கள் ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் சடங்கு புத்துயிர் பெற்றது. அதை எம்முறையில் செய்வது என்பதை அந்தந்த நாட்டு ஆயர்கள் மக்களின் பண்பாட்டிற்கேற்ப முடிவு செய்யலாம். மேலை நாடுகளில் பெரும்பாலும் கைகுலுக்கினார்கள். இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை ஒப்புதல் தந்த பன்னிரண்டு மாற்றங்களில் இதுவும் ஒன்று. காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து வழிபடுவது, குத்துவிளக்கு ஏற்றுவது போன்றவையும் அப்பட்டியலில் உண்டு. சமாதானத்திற்கு அவர்கள் இரண்டு முறைகளைத் தந்தார்கள். ஒன்று, கைகூப்பி வணங்குவது. மற்றொன்று, கொடுப்பவர் தம் கைகளைப் பெறுபவரின் கைகளுக்குள் வைப்பது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இந்த இரண்டாம் முறை நெடுங்கால வழக்கம். பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம் கைவழியே கைக்கு வந்து கடைசி வரிசைவரை செல்லும்.

நாமோ தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். கூப்பிய கையோடு வலம் இடம் திரும்பித் தலையசைத்து முடித்துவிடுகிறோம். பின்வரிசைக்குத் திரும்புவதுகூடச் சிலருக்குச் சிரமமாக இருக்கிறது. ஏன் அந்த முறை மட்டும் நமக்கு எளிதாயிற்று? இந்தக் கேள்வி பல நாளாக என்னை உறுத்துகிறது.

2020-இல் கொரோனா வந்தது. மார்ச் மாதத்தில் இங்கிலாந்து இளவரசராயிருந்த சார்லஸ் கை நீட்டப் போய், நினைவு வந்தவராகச் சட்டென்று கைகூப்பிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோம். பிரான்சு நாட்டு அதிபரும் விருந்தினரைக் கைகூப்பியே வரவேற்றார். ‘பார்த்தாயா, நம் முன்னோரின் அறிவை! உலகமே வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டது’ என்று வீட்டுக்கு வீடு பெருமை பேசினோம். நானும் பேசினேன். நோய்க்கிருமி கைவழியே பரவும் என்பது மெய். கைகுலுக்குவதைவிட முட்டியோடு முட்டி இடிப்பதில் கிருமி மிகக் குறைவாகவே மாறுகிறது என்று 2014-இல் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து கூறினார்கள். காய்ச்சல் பரவும் காலத்தில் கைகூப்புவதே அறிவுடைமை. அதில் ஐயமில்லை.

ஆனால் வணக்கத்தை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது அதன் நிழலையும் பார்க்க வேண்டும். பகைவர் தொழுத கைக்குள்ளும் படைக்கருவி மறைந்திருக்கும் என்று கூடா நட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். 1948 ஜனவரி 30 மாலையில் பிரார்த்தனைக்குச் சென்றுகொண்டிருந்த காந்தியடிகளின் முன் வந்தவன் முதலில் கைகூப்பித்தான் குனிந்தான். பிறகுதான் சுட்டான்.

அது கொடியவன் ஒருவனின் செயல் என்று விட்டுவிடலாம். நாம் எல்லோரும் செய்தது ஒன்று உண்டே! வணக்கத்திற்குத் தொடுதல் தேவையில்லை. எட்ட நின்றே செய்யலாம். தொட்டால் தீட்டு என்று வாழ்ந்த சமூகத்திற்கு அது எத்துணை வசதியாகப் போயிற்று! 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பின்னரும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. உள்ளங்கையில் வைக்க வேண்டிய கூலியை மேலிருந்து போட்டார்கள். கிறிஸ்தவர் நாம் என்று தலைநிமிர்ந்து கூறவும் வழியில்லை. நம் கோயில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் உண்டு என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் கூறுவார்கள். அந்தக் கோயில்களிலும் எல்லோரும் கைகூப்பித்தான் நின்றார்கள்.

தொடத் தயங்கிய இன்னொரு கூட்டத்தார் தொழுநோயாளர். அவர்களைப் பற்றிக் கூறும்போது டாக்டர் பால் பிராண்டைக் கூறாமல் இருக்க முடியாது. ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராகச் சேர்ந்தவர், 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே டாக்டர் காக்ரேன் அவருக்கு நோயாளர்களைக் காட்டினார். எங்கு பார்த்தாலும் கழுகின் நகம்போல் உள்நோக்கி மடங்கிய விரல்கள். இந்தக் கைகள் ஏன் இப்படி மடங்குகின்றன என்று பிராண்டு கேட்டார். நீர்தானே எலும்பு மருத்துவர், நீர் சொல்லும் என்றாராம் காக்ரேன்.

பிராண்டு ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து, முடிந்த அளவு அழுத்துமாறு கூறினார். செயலற்ற கை, என்ன அழுத்திவிடப் போகிறது என்று எண்ணியவர் வலி தாங்காமல் துடித்துப் போனார். இரும்புப் பிடி! அந்த நோயாளியோ தாம் இவ்வளவு அழுத்துகிறோம் என்பதையே அறியவில்லை. அவர் கையில் உணர்ச்சி இல்லை. ஒரு நொடியில் மருத்துவருக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. ஒன்று, கை முழுவதும் செத்துவிடவில்லை. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகளுக்குச் செல்லும் நரம்பு முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் பழுதாவதால் விரல்கள் மடங்குகின்றன. முழங்கைக்குக் கீழுள்ள பெருந்தசைகள் வலிமையோடுதான் இருக்கின்றன. மற்றொன்று, வலி தெரியாததால்தான் நோயாளர் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், சாவியை அளவுக்கு மீறித் திருகியும் விரல்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். நோய் விரலைத் தின்றுவிடுவதில்லை.

முதல் உண்மையிலிருந்து ஓர் அறுவை மருத்துவமே பிறந்தது. நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலில் இணைத்துத் தைத்தார்கள். பல வாரப் பயிற்சிக்குப் பின் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. கையால் சோறு பிசைந்து உண்டார்கள், எழுதினார்கள், வேலை கற்றுக்கொண்டார்கள். வேலூரிலும் 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனையிலும் வளர்ந்த இம்முறையைக் கற்க உலகின் பல நாட்டு மருத்துவர்கள் நம் தமிழ்நாட்டிற்கு வந்தார்கள். எல்லாம் ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது! அந்தக் கைக்குள் கை வைக்க யாரும் துணியாத காலம் அது.

இதே போன்றதொரு செயலை 1987 ஏப்ரலில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இளவரசி டயானா செய்தார். எய்ட்சு நோயாளரைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கையுறை அணியாமல் ஒருவருக்குக் கை கொடுத்தார். அந்த ஒரு புகைப்படம் ஆயிரம் துண்டறிக்கைகளின் வேலையைச் செய்தது. சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்குக் காந்தியடிகள் தம் கையால் பணிவிடை செய்ததும் நீங்கள் அறிந்ததே. ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் இந்தியாவில் அனுசரிக்கப்படுவது அதனால்தான். நம் ஆண்டவரும் தொழுநோயாளரை ஒரு சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். கை நீட்டித் தொட்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார்.

தொழுநோய் கைகுலுக்குவதால் தொற்றுவதில்லை. மருத்துவம் பெறாத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்வோருக்கே பரவ வாய்ப்பு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு இயற்கையான எதிர்ப்பாற்றல் உண்டு. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இதை முற்றிலும் குணமாக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். உடலில் உணர்ச்சியற்ற வெளிர்நிறத் தேமல் எங்கேனும் தோன்றினால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். நோய் குணமான பிறகும், காலந்தாழ்ந்து வந்தவர்களின் விரல் மடங்கியே இருக்கலாம். அது பழைய தழும்பு, நோயன்று.

இதையெல்லாம் நான் நன்கறிவேன். வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன்.

அன்று காலை சின்னாளபட்டிப் பிரிவு நிறுத்தத்தில் இறங்கியதும், மாணவியருக்குக் கொடுப்போம் என்று கொய்யாப்பழம் வாங்கினேன். ஒரு பலகையில் பழங்களைப் பரப்பி வைத்திருந்தவர் முதியவர். பணம் கொடுத்தேன். மீதிச் சில்லறையை அவர் நீட்டியபோதுதான் கையைக் கவனித்தேன். நான்கு விரல்களும் உள்நோக்கி மடங்கியிருந்தன. என் கை தானாகப் பின்வாங்கியது. “பலகையில வைங்கய்யா” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். பின்னால் நாற்பது மாணவியர் நின்றிருந்தார்கள். அரைமணி நேரம் கழித்து அதே மாணவியர் ஒரு வெளிநாட்டு அம்மையாருக்குச் சரியாகக் கை கொடுக்கவில்லையென்று நான் முகம் சுளித்தேன்.

இவ்வாண்டும் சென்றோம். அவரை மனத்தில் வைத்தே சென்றேன். அதே இடத்தில் இருந்தார். பழம் வாங்கிப் பணம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினேன். அவர் சில்லறையை எடுத்தார், என் கையைப் பார்த்தார், பலகையில் வைத்தார். நான் கையை எடுக்கவில்லை.

“பழக்கமாயிருச்சும்மா” என்றார்.

“கையிலேயே குடுங்கய்யா” என்றேன்.

அந்த விரல்களால் பலகையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது எளிதன்று. விரல் முட்டிகளால் ஒவ்வொன்றாக விளிம்புவரை நகர்த்திக்கொண்டு வந்தார். கீழே நீட்டியிருந்த என் உள்ளங்கையில் அவை விழுந்தன. இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள். மூன்றாவது நாணயம் பழங்களுக்கிடையே உருண்டுவிட்டது. அருகில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை அப்படியே திருப்பி என் கையில் வைத்தார்.